உப்புக்கோள் கதையின் கடைசிப் பக்கங்கள்

அன்பு மகள் வாலுவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம்தான், அம்மாவின் இடது முட்டியையும் என் தூக்கத்தையும் சேர்க்காமல் சொன்னால். அங்கே நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டு எழுதுவது முறை, ஆனால் முறைக்காகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிய வேண்டும் என்றுதான் கேட்கிறேன், அதனால் "நல்லா இருக்கேன்ப்பா" என்று ஒரே வரியில் கதவைச் சாத்திவிடாதே. சாப்பிடுகிறாயா, அந்தக் கன்டெய்னர் அறையில் குளிர் தாங்குகிறதா, சுரங்கத்துக்குள் இறங்கும்போது ஹெல்மெட் வாரை ஒழுங்காக மாட்டுகிறாயா, இருமல் விட்டதா, எல்லாவற்றுக்கும் தனித்தனியாகப் பதில் வேண்டும். போனில் கேட்டால் சிக்னல் இல்லை என்கிறாய், குன்றின் மேல் ஏறி நின்று பேசுகிறாய், நீ சொல்வதில் பாதி எனக்கு வருகிறது பாதியைக் காற்று கொண்டுபோய்விடுகிறது. அதனால்தான் கடிதம். உங்கள் கம்பெனி சாமான் வண்டியில் இந்தப் பார்சல் வந்து சேரும், கடிதத்தை மேலாகவே வைத்திருக்கிறேன், முதலில் இதைப் படி, பிறகு புத்தகங்களைத் தொடு.

வீட்டுச் செய்தி பெரிதாக ஒன்றும் இல்லை. கடையில் முதலாளி புதிதாகக் கண் பார்க்கும் மெஷின் வாங்கிப் போட்டிருக்கிறார், மோவாயை வைத்தால் அதுவே பவரைச் சொல்லிவிடுகிறது, எனக்குக் கண்ணாடி ஃபிரேமைத் துடைத்து அடுக்குகிற வேலைதான் மிச்சம். அம்மாவுக்குக் குடிநீர் அலுவலகத்தில் அதே புகார் போன், பகலெல்லாம் ஊர் ஜனங்கள் திட்டுவதைப் பொறுமையாக வாங்கிக்கொண்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்து வட்டியும் முதலுமாக என்னிடம் கொடுக்கிறாள். ஊருக்கெல்லாம் குழாய்ப் புகார் எழுதுகிறவள் வீட்டில் சமையலறைக் குழாய் ஒழுகிக்கொண்டேதான் இருக்கிறது. உன் அத்தை போன் செய்தாள், வழக்கம் போல ஒரு பையன் இருக்கிறான், நல்ல வேலை, நல்ல குணம் என்று ஆரம்பித்தாள், நான் சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். உன்னிடம் கற்றுக்கொண்டதுதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன தடவை நீ குன்றின் மேலிருந்து பேசினாயே, வேலை முடிந்து அறைக்கு வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது, படிக்க ஒன்றும் இல்லை, புதுப் புத்தகம் விலை தாங்காது, பழைய புத்தகக் கடையில் ஏதாவது தேடி அனுப்புங்கள் என்றாய். விண்வெளிக் கதை, மாயாஜாலக் கதை எதுவானாலும் சரி என்றாய். பிறகு கொஞ்சம் நிறுத்தி, "அதுல என்ன மாதிரி பொண்ணுங்க இருக்கணும்ப்பா" என்றாய். நான் சரி என்றேன். அப்புறம் இன்னொன்று சொன்னாய், "எல்லாக் கதையிலயும் எங்களைக் கடைசியில சாகடிச்சுடறாங்கப்பா, சாகாத கதையா பாருங்க" என்று சொல்லும்போது உன் குரல் ஒரு மாதிரி இருந்தது, நான் என்னம்மா என்று கேட்பதற்குள் லைன் போய்விட்டது. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன், நீ கீழே இறங்கிவிட்டாய் போலிருக்கிறது. அந்தக் குரல் என் காதிலேயே நின்றுவிட்டது கண்ணு. மறுநாள், அந்த மெஷின் வருவதற்கு முன்னால், கடையில் ஒருவருக்குத் தூரப்பார்வைக்கு வைக்க வேண்டிய லென்ஸைக் கிட்டப்பார்வைக்கு வைத்துவிட்டேன், அந்த மனிதர் எழுந்து நேராகக் கண்ணாடிக் கதவில் போய் மோதினார். உன் அம்மாவிடம் நீ சொன்னதைச் சொன்னேன். அவள் குழாயைத் திருகித் திருகிப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப போய்த் தேடுங்க" என்றாள். போன லீவில் நீ இதே சமையலறையில் நின்று எங்களிடம் உன் மனதைச் சொன்னாய், நாங்களும் சரி என்றோம், அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் ஒருவரோடு ஒருவர்கூட அதைப் பற்றி வாய்விட்டுப் பேசியதில்லை. கோபம் எல்லாம் இல்லை. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

முதலில் பெரிய புத்தகக் கடைக்குப் போனேன், ஏசி போட்டு, மெல்லிசாகப் பாட்டு வைத்து, தரையெல்லாம் வழுக்குகிற கடை. விண்வெளிக் கதைகளுக்கு ஒரு சுவர் முழுக்க அலமாரி, அட்டையெல்லாம் தகதகவென்று. ஒன்றை எடுத்துப் பின்னால் விலையைப் பார்த்தேன், என் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன், அதே விலை. எடுத்த இடத்திலேயே பூப்போல வைத்துவிட்டு வந்துவிட்டேன். பிறகு ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற பழைய புத்தகக் கடை. அங்கே கடைக்காரர் புத்தகத்தை எடை பார்த்து விற்கிறவர், உயரத்தை வைத்து அடுக்கியிருக்கிறார், பரீட்சை கைடும் பேய்க் கதையும் ஒரே கட்டில் கிடக்கிறது. நானாகத் தேடித் தேடி முதுகு வலித்துப்போய், வேறு வழியில்லாமல் அவரிடமே கேட்டேன். எப்படிக் கேட்பது சொல்லு? கடைசியில் மெதுவாக, ரெண்டு பொண்ணுங்க ஒருத்தரை ஒருத்தர் விரும்புற மாதிரி கதை ஏதாவது இருக்கா என்று கேட்டுவிட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார், முகமெல்லாம் சிரிப்பு, "அதை முதல்லயே சொல்றதுக்கென்ன சார், உள்ள வாங்க" என்று ஒரு திரையை விலக்கினார். உள்ளே இருந்த அட்டைகளைப் பற்றி உனக்கு நான் எழுத மாட்டேன். தலைமுடி வெள்ளையான காலத்தில் எனக்கு இது தேவையா என்று வெளியே பாய்ந்து வந்தேன், செருப்பில் ஒன்று கடை வாசலிலேயே தங்கிவிட்டது.

அந்தச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓர் ஆள் என் பின்னாலேயே வந்தான், சார் சார் என்று. லிஃப்ட் கம்பெனிச் சட்டை போட்டிருந்தான், இடுப்பில் ஸ்பேனர் எல்லாம் தொங்கியது, முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும். கடையில் எனக்குப் பக்கத்தில் நின்று புத்தகம் புரட்டிக்கொண்டிருந்தவன், நான் கேட்டதைக் கேட்டிருக்கிறான். என் மனசில் மிரட்டிப் பணம் பறிப்பானோ, கடையில் வந்து முதலாளியிடம் சொல்வானோ, உன் பெயர் வெளியே வந்துவிடுமோ என்று ஒரு நொடியில் என்னென்னவோ ஓடியது. அவன் செருப்பைக் கீழே வைத்துவிட்டு, "நீங்க கேட்டது அந்தக் கதை இல்லைன்னு எனக்குப் புரிஞ்சுது சார், அவருக்குத்தான் புரியல" என்றான். யாருக்கு வேணும் என்று கேட்டான். ஃபிரண்டோட பொண்ணுக்கு என்று சொன்னேன். சிரிக்காமல் கொள்ளாமல், சரி சார், ஃபிரண்டோட பொண்ணுக்கு என்றான். அப்புறம் சொன்னான், "பால்புதுமையர் கதைகள்னு கேட்டுப் பாருங்க சார், தெரிஞ்சவங்களுக்குப் புரியும், தெரியாதவங்களுக்கு ஒண்ணும் புரியாது, ரெண்டுமே நல்லதுதான்." எனக்குப் பால் என்றதும் தெருமுனைப் பால் பூத்துதான் ஞாபகம் வந்தது, புதுசாக ஏதோ பாக்கெட் வந்திருக்கிறதாக்கும் என்று நினைத்துத் தலையாட்டினேன். அவன் பொறுமையாக விளக்கினான், ஆணை விரும்புகிற ஆண், பெண்ணை விரும்புகிற பெண், உடம்பு ஒன்றாகவும் மனசு ஒன்றாகவும் பிறந்தவர்கள், எல்லாருக்கும் சேர்த்து அந்தச் சொல்லாம். நடுத்தெருவில் நின்றுகொண்டு ஒரு லிஃப்ட் மெக்கானிக்கிடம் தமிழ் கற்றுக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓர் இடத்தில் புத்தகம் மாற்றிக்கொள்வோம் சார், காசு கிடையாது, ஒன்று கொடுத்து ஒன்று எடுக்கலாம், வாங்க என்றான்.

போகலாமா வேண்டாமா என்று அந்த வாரம் முழுக்க மனசு ஊசலாடியது. இடம் என்னவென்றால் ஒரு டிரைவிங் ஸ்கூலின் மாடி, பாடம் நடத்துகிற அறை. சுவரெல்லாம் வளைவு வருகிறது, வேகத்தைக் குறை, முந்தாதே என்று படங்கள், நடுவில் பெஞ்சுகளில் புத்தகம் பரப்பி வைத்திருந்தார்கள். பத்துப் பதினைந்து பேர் இருப்பார்கள், வங்கியில் வேலை செய்கிற ஒரு பெண், இரண்டு கல்லூரிப் பிள்ளைகள், மருந்துக்கடைக்காரர் ஒருவர். யாராவது தெரிந்த முகம் இருந்துவிடுமோ என்று வாசலிலேயே நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன், பிறகுதான் உறைத்தது, எல்லாரும் என்னையும் அதே மாதிரிதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கொடுப்பதற்கு என்னிடம் கதைப் புத்தகம் ஏது, லென்ஸ் கம்பெனிக்காரன் கொடுத்த கேட்டலாக்கைக் கொண்டுபோயிருந்தேன். அதையும் மரியாதையாக வாங்கி வைத்துக்கொண்டார்கள், அடுத்த வாரம் பார்த்தால் யாரோ அதையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். ஒரு கேட்டலாக்குக்கு மூன்று புத்தகம் தர முடியாது, மிச்சத்துக்கு டீ போடுங்கள் என்றார்கள், எல்லாருக்கும் டீ போட்டேன். சர்க்கரை தூக்கல் என்று அந்த வங்கிப் பெண் சொன்னாள்.

மூன்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்து கடைசிப் பக்கத்திலிருந்துதான் பார்த்தேன், நீ சொன்னது ஞாபகம் இருக்கிறதே. முதலாவது டிராகன் கதை, இரண்டு இளவரசர்கள், நல்ல பையன்கள், அதில் சின்னவனை முடிவதற்குக் கொஞ்சம் முன்னால் டிராகன் மிதித்துவிடுகிறது. அவ்வளவு பெரிய படையில் அந்த டிராகனுக்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா என்று எனக்குக் கோபம் வந்து அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இரண்டாவது பார்சலில் இருக்கிறது, நிலாவில் பள்ளிக்கூடம் நடத்துகிற இரண்டு டீச்சர்கள், அதில் ஒருத்தி ஆணாகப் பிறந்து பெண்ணாக வாழ்கிறவள், அதை யாருமே ஒரு விஷயமாகப் பேசுவதில்லை, கதை முழுக்க அவர்களுக்கு இருக்கிற ஒரே கவலை பள்ளிக்கூடத்துக் கூரையில் காற்று ஒழுகுவதுதான். தைரியமாகப் படிக்கலாம். மூன்றாவதுதான் என்னைப் பிடித்து ஆட்டிவைத்தது. பெயர் உப்புக்கோளின் படகுக்காரி. ஒரு கோள் முழுக்க உப்பு, கடல் வற்றிப்போன இடம், அங்கே சக்கரம் வைத்த படகுகளில் பாய் கட்டிக் காற்றிலே ஓட்டுகிறார்கள். படகுக்காரி ஒருத்தி, அவளுடைய படகில் வந்து ஏறுகிறவள் யார் தெரியுமா, நிலம் அளக்கிறவள். உன் வேலை. உன்னை மாதிரியே வாய்த்துடுக்கு, உன்னை மாதிரியே சாப்பாட்டை மறந்துவிட்டு வேலை பார்க்கிறவள். கதையே படிக்காத நான் கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் மேஜைக்கு அடியில் வைத்துப் படித்தேன். அவர்கள் இரண்டு பேரும் முதலில் எலியும் பூனையுமாகச் சண்டை போட்டு, பிறகு சண்டை குறைந்து, ஒருத்தி தூங்கும்போது இன்னொருத்தி பாயை இறக்கிக் காற்றை மறைக்கிற அளவுக்கு வந்துவிட்டார்கள். கடைசியில் உப்புத்தரை வெடித்து ஒரு பெரிய பிளவு, அதை அளக்க நிலம் அளக்கிறவள் கயிற்றில் இறங்குகிறாள், மேலே படகுக்காரி கயிற்றைப் பிடித்திருக்கிறாள், புயல் வந்துவிட்டது, கயிறு வெடுக்கென்று இழுபட்டது, பிறகு. அவ்வளவுதான். பிறகு என்கிற சொல்லோடு பக்கம் முடிந்தது, மிச்சப் பக்கங்களை யாரோ கிழித்திருக்கிறார்கள்.

கடைசிப் பக்கத்திலிருந்து பார்க்கிறவன் இதை எப்படி விட்டாய் என்று கேட்பாய், அதிலே கடைசியில் இருந்த பக்கத்தைப் பார்த்தேன், இரண்டு பேரும் உயிரோடுதான் இருந்தார்கள், கிழிந்திருப்பது அப்போது கண்ணில் படவில்லை. எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை வாலு. நீ அங்கே கயிற்றைப் பிடித்துக்கொண்டு இருட்டுக்குள் இறங்குகிறாய், இங்கே இவள் கயிற்றில் தொங்குகிறாள், இரண்டும் எனக்குள் ஒன்றாகக் குழம்பிவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஓடிப்போய் லிஃப்ட் மெக்கானிக்கிடம் கேட்டேன். அவன் தலையைச் சொறிந்தான், "சார், எங்ககிட்ட இருக்கறதே அந்த ஒரு காப்பிதான், வரும்போதே கிழிஞ்சுதான் வந்தது, நாங்க எல்லாருமே அந்தக் கயிறு வரைக்கும்தான் படிச்சிருக்கோம்" என்றான். ஆளாளுக்கு ஒரு முடிவு வைத்திருந்தார்கள். மருந்துக்கடைக்காரர் இரண்டு பேரும் செத்துவிட்டார்கள் என்று அடித்துச் சொன்னார், இந்த மாதிரிக் கதையை எழுதுகிறவர்கள் வேறெப்படி முடிப்பார்கள் என்றார். வங்கிப் பெண் எழுந்து வெளியே போய்விட்டாள். மெக்கானிக் மட்டும், "கயிறெல்லாம் அவ்வளவு லேசுல அறுந்துடாது சார், நான் தினமும் கயித்துலதான் தொங்கறேன்" என்றான். எனக்கு அவன் சொன்னதை நம்ப ஆசையாக இருந்தது. ஆனால் தெரியாமல் உனக்கு எப்படி அனுப்புவது?

உன் அம்மாவிடம் சொன்னதும் அவள் புத்தகத்தை வாங்கி முதல் பக்கத்தைப் புரட்டினாள். பதிப்பகத்தின் பெயருக்குக் கீழே பழைய காலத்து போன் நம்பர் ஒன்று பொடி எழுத்தில் இருந்தது. "இத்தனை வாரமா ஊரெல்லாம் சுத்தினீங்களே, இதைப் பாக்கலையா, கண்ணாடிக் கடையில வேலை பாக்கறவரு" என்று ஒரு குத்து குத்திவிட்டுப் போனை எடுத்தாள். அந்த நம்பர் செத்துப்போயிருந்தது. அவள் விடுவாளா, எந்தப் புகாரையும் எந்த மேஜையில் தட்டினால் நகரும் என்று தெரிந்தவள் ஆயிற்றே, அங்கே கேட்டு இங்கே கேட்டு, பழைய அச்சகக்காரர்கள் சங்கத்தில் யாரையோ பிடித்து, இரண்டு நாளில் அந்தப் பதிப்பகத்துக்காரரைக் கண்டுபிடித்துவிட்டாள். பதிப்பகத்தை எப்போதோ மூடிவிட்டார்கள், அந்த மனிதர் இப்போது மருந்து பாட்டில்களுக்கு லேபிள் அடித்துப் பிழைக்கிறார். வாங்க, புத்தகம் இருக்கு என்று சொல்லிவிட்டார். இரண்டு பேருமாகப் போனோம். ஊரின் அந்தக் கோடியில், கீழே மெஷின் ஓடுகிறது, மாடியில் குடித்தனம், படியெல்லாம் மை வாடை. அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினாள். உட்கார வைத்தார், தண்ணீர் கொடுத்தார், எதற்காக அந்தப் புத்தகம் என்று கேட்டார். நான் பழக்கதோஷத்தில், என் ஃபிரண்டோட பொண்ணுக்கு என்று ஆரம்பித்தேன். அம்மா தம்ளரைக் கீழே வைத்தாள். "இல்லைங்க, எங்க பொண்ணுக்கு" என்றாள். "எங்க சொந்தப் பொண்ணு. அவளுக்குப் பொண்ணுங்களைத்தான் பிடிக்கும். மலையில சுரங்க வேலையில தனியா இருக்கா, படிக்க ஏதாவது வேணும்னு கேட்டா, கடைசியில யாரும் சாகாத கதையா. அதுக்குத்தான் வந்திருக்கோம்." ஆபீஸில் புகார் நம்பர் சொல்லுவாளே, நிறுத்தி நிதானமாக, அந்தக் குரலிலேயே சொன்னாள். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது, வெட்கமா பயமா என்று எனக்கே தெரியவில்லை, ஆனால் சொல்லி முடித்ததும் அவள் முகத்தைப் பார்த்தேன், பாரம் இறக்கி வைத்தவள் மாதிரி சேலைத் தலைப்பால் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த மனிதர் எழுந்து கட்டிலுக்கு அடியில் குனிந்தார். அடியெல்லாம் புத்தகக் கட்டுகள், கட்டிலின் ஒரு கால் உடைந்துபோய் அந்த இடத்துக்கும் ஒரு புத்தகக் கட்டைத்தான் முட்டுக்கொடுத்திருந்தார்கள். கடைகளுக்கு அனுப்பினதெல்லாம் அப்படியே திரும்பி வந்துவிட்டதாம், அட்டையில் இரண்டு பெண்கள் கை கோத்திருப்பதைப் பார்த்துவிட்டு வெளியே வைக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். "எங்க அக்கா எழுதினதுங்க, நான்தான் ஆசைப்பட்டு அச்சடிச்சேன், கைதான் சுட்டுது. அதுக்கப்புறம் அக்கா பேனாவே எடுக்கல" என்றார். எத்தனை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், பழைய பேப்பர் விலை கொடுத்தால் போதும் என்றார். நான் நின்ற இடத்திலேயே ஒன்றைப் பிரித்துக் கயிறு இழுபட்ட இடத்தைத் தேடினேன், அவசரத்தில் பக்கம் அகப்படவில்லை, அம்மா பிடுங்கி அவளே படித்தாள், சத்தமாகவே படித்தாள். வாலு, சாகவில்லை. படகுக்காரி படகுக் கம்பத்தில் கயிற்றைக் கட்டிவிட்டுத் தானும் உள்ளே இறங்கிவிடுகிறாள், இரண்டு பேரும் பிளவுக்குள்ளேயே நடந்து அந்தப் பக்கமாக ஏறி வருகிறார்கள், வரும் வழியெல்லாம் பாயைத் தப்பாகக் கட்டினது யார் என்று சண்டை. கடைசிப் பக்கத்தில் இரண்டு பேருக்கும் வயதாகி, படகுக்காரிக்குக் கண் மங்கிப்போய்விடுகிறது. படிக்கும்போதே தெரிந்துவிட்டது, கண்புரை, சின்ன ஆபரேஷன், அந்தக் கோளில் நல்ல கண் ஆஸ்பத்திரி இல்லை போலிருக்கிறது.

அதற்குள் அவர் அக்காவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்துவிட்டார். வேறு ஊரில் தையல் மெஷின் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார்களாம். முதலில் அந்தம்மா நம்பவில்லை, "யாருடா அது, விளையாடறியா, அந்தப் புத்தகத்தையா கேக்கறாங்க" என்று தம்பியைத் திட்டினார்கள். அம்மா வாங்கிப் பேசினாள். பொண்ணு என்ன வேலை என்று கேட்டார்கள். நிலம் அளக்கிறா, சுரங்கத்துல என்று அம்மா சொன்னதும் நிலம் அளக்கிறவளா, நிலம் அளக்கிறவளா என்று அந்தம்மா இரண்டு தடவை கேட்டார்கள். அப்போது பின்னால் இன்னொரு பெண் குரல் கேட்டது, வயதான குரல், "யாருடி அது இவ்வளவு நேரம், சோறு ஆறுது, அப்புறம் சூடு பண்ணுன்னு என் உயிரை வாங்காத" என்றது. இதோ வரேன், ஒரு நிமிஷம் என்று இந்தம்மா அங்கே சொல்லிவிட்டு, எங்களிடம், "கூட இருக்கறவ. முப்பது வருஷமா இப்படித்தான் கத்தறா" என்றார்கள். கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு அந்த நேரத்தில் ஏன் கண் கலங்கியது என்று தெரியவில்லை. கதையில் சாகாமல் இருப்பது எழுதுகிறவர் கையில் இருக்கிறது, இது நிஜ வீடு, நிஜச் சோறு, நிஜமாகவே ஆறுகிறது. உன்னிடம் சொல்லச் சொன்னார்கள், படித்துவிட்டு எழுதினால் பதில் போடுவார்களாம், முகவரி புத்தகத்தின் உள்ளட்டையில் எழுதி வைத்திருக்கிறேன்.

பார்சலில் படகுக்காரி இரண்டு வைத்திருக்கிறேன், அங்கே வேறு யாருக்காவது கொடுக்க வேண்டியிருந்தால் கொடு. ஒன்றுக்குப் பழுப்புத்தாள் அட்டை போட்டேன், உங்கள் கம்பெனி கேட்டில் காவலுக்கு இருப்பவர்கள் பிரித்துப் பார்த்து ஏதாவது பேசுவார்களோ என்று. இரண்டாவதற்குப் போடப்போனேன், அம்மா தாளைப் பிடுங்கிக்கொண்டாள். உனக்கு எது தோதோ அதை வெளியே வைத்துக்கொள், கூட வேலை செய்கிறவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று உனக்குத்தான் தெரியும், தைரியத்துக்காக ஆபத்தை விலைக்கு வாங்க வேண்டாம், பயத்துக்காக மூச்சுமுட்டவும் வேண்டாம். டிரைவிங் ஸ்கூலுக்கு ஒரு கட்டு கொண்டுபோய்க் கொடுத்தேன், மருந்துக்கடைக்காரர் நின்றபடியே முடிவைப் படித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மெக்கானிக் யாருக்குப் புத்தகம் என்று மறுபடியும் கேட்கவில்லை, நானாகவே என் பொண்ணுக்கு என்று சொன்னேன். தெரியும் சார் என்றான்.

இப்போது புத்தகத்தை விட்டுவிட்டு ஒன்று கேட்கிறேன், இத்தனை நாள் அலைந்ததே இதைக் கேட்கப் பயந்துதான் என்று நினைக்கிறேன். சாகாத கதை வேண்டும் என்று நீ சொன்ன அன்று உன் மனசு எப்படி இருந்தது? அங்கே யாராவது உன்னைப் படுத்துகிறார்களா? அந்த அறையில் தனியாக இருக்கும்போது வேண்டாத நினைப்பு ஏதாவது வருகிறதா? நான் தேவையில்லாமல் பயப்படுகிறேன் என்றால் நன்றாகச் சிரி, சிரித்துவிட்டு எழுது. உண்மையாக அப்படி ஏதாவது இருந்தால் ஒளிக்காதே, குன்றெல்லாம் ஏற வேண்டாம், சாமான் வண்டிக்காரரிடம் ஒரு வரி எழுதிக் கொடுத்தனுப்பு, அடுத்த வண்டியில் நான் வந்து இறங்குவேன். அங்கே டாக்டர் யாராவது இருந்தால் அவரிடமும் பேசு, காய்ச்சலுக்குப் பேசுவது போலத்தான் இதுவும். வேலையை விட்டுவிட்டு வர வேண்டும் என்றாலும் வா, யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை, அத்தைக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். எனக்குப் பொறியியல் தெரியாது, அந்தக் கயிறு எவ்வளவு தாங்கும் என்று தெரியாது. மேலே பிடித்துக்கொண்டிருக்கிறவர்கள் நாங்கள் இரண்டு பேர் என்பது மட்டும் தெரியும்.

நீ நிறைந்த ஆயுளோடு, வயிறு நிறைந்து, மனசுக்குப் பிடித்தபடி, பல் விழுந்த பிறகும் யாரோடாவது சண்டை போட்டுக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும். இருமல் மருந்தைப் பார்சலின் ஓரத்தில் கம்பளிக் காலுறைக்குள் சுருட்டி வைத்திருக்கிறேன், உடைந்திருந்தால் புத்தகத்தில் ஒட்டியிருக்கும், பார்த்து எடு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல் போன் செய், காலையில் நான் டிரைவிங் ஸ்கூலில் இருப்பேன், டீ என் பொறுப்பாகிவிட்டது. இதோ அம்மா என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டே இருக்கிறாள், அவளுக்குன்னு அங்க யாராவது இருக்காங்களான்னு கேளுங்க என்கிறாள். அப்படியெல்லாம் கேட்கக் கூடாது, அவளாகச் சொல்லுவாள் என்றேன். "புகார் வர்ற வரைக்கும் காத்திருக்கறதெல்லாம் ஆபீஸ்ல, வீட்டுல இல்ல, எழுதுங்க" என்கிறாள். எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
கேட்கச் சொன்ன அம்மாவும்
கேட்டு எழுதிய அப்பாவும்